சிவஞானம் வீட்டு நெபுலா

அந்தமானின் சௌல்தாரியில் சிவஞானத்தின் வீட்டுக்கு மேலே மட்டும், ஒரு பாய் அகலத்துக்கு நட்சத்திரங்கள் இல்லாமல் போயின. மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்த முதல் அமாவாசையில் ஊர் அதைக் கவனித்தது. பாக்குத் தோப்புக்கு மேலே நட்சத்திரம் இருந்தது. பக்கத்து வீட்டு ராக்கப்பனின் மாட்டுக்கொட்டகைக்கு மேலேகூட இருந்தது. "என்ன அண்ணே, மேலயும் ஃபியூஸ் போயிடுச்சா?" என்று ராக்கப்பன் வேலிக்கு அப்பாலிருந்து கேட்டான். துறைமுகத்தில் மேஸ்திரியாகத் தலைநிமிர்ந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் சிவஞானம். வேலிப் பேச்சுக்குப் பதில் சொல்லும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை.

காரணம் அவருக்குத் தெரியும். மழைக்கு முந்தைய வாரம் மகள் உதயா ஒரு பெங்காலிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு கார் நிக்கோபார் கப்பல் ஏறினாள். அவர் கிணற்றடியில் நின்று அவளைத் தலைமுழுகினார். அவள் பெயரை இனி யாரும் சொல்லக்கூடாது என்றார். கேட்டவர்களிடம், மெயின்லேண்டில் படிக்கிறாள் என்றார். நெபுலா எனும் விண்முகில்களைப் படம் பிடிக்க அவள் வைத்திருந்த கேமரா, வானம் நகரும் வேகத்துக்குத் தானும் திரும்பியபடி மொட்டைமாடியில் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் கண்ணை மூடியால் அடைத்து, பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் ஏற்றினார். இருட்டு அன்றுதான் வந்தது.

அடுத்த ஆண்டு சென்னையிலிருந்து வானத்தைப் படம் பிடிப்பவர்கள் வந்தார்கள். வாசலுக்கு வந்தவர்களை விரட்ட முடியாமல் மாடியைத் திறந்துவிட்டார். "அது ஓட்டை இல்லீங்க ஐயா," என்றான் அவர்களில் குணா என்பவன். "பின்னாடி வாயு எரியுது. முன்னாடி தூசி நின்னு மறைக்குது. நிறைய படம் எடுத்து ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கினா உருவம் தெரியும்." அடுக்கிய படத்தில், செந்நிற ஒளிக்கு நடுவே, குனிந்து கேமராவுக்குள் பார்க்கும் ஒரு பெண் கருப்பாக நின்றாள். பின்னலின் ரிப்பன்கூடத் தெரிந்தது. படம் ஊர் ஊராகப் போனது. ராமநாதபுரத்திலிருந்து தங்கை போன் செய்து, "நம்ம உதயாவ எதுக்குண்ணே வானத்துல நிக்க வச்சிருக்கே?" என்றாள்.

அவர் கேமராவை இறக்கி மூடியைத் திறந்தார். இருட்டு நகரவில்லை. தலைமுழுகியதைத் துவட்ட எந்தச் சடங்கும் கிடையாது என்று கோயில் பூசாரி சொல்லிவிட்டார். மனைவி மரகதம் ஒளித்து வைத்திருந்த எண்ணுக்குப் போன் போட்டார். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுநாளும் அடித்தது.

மறுமுறை வந்தபோது குணா, "இதுக்கு ஒரு பேர் வேணும் ஐயா," என்றான். மரகதம் நிலைப்படியில் நின்று கணவரைப் பார்த்தாள். சிவஞானம் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"உதயா," என்றார். "முன்னால இன்ஷியல் போட்டு எழுதுப்பா. சி. உதயா."

இப்போதும் அமாவாசை தோறும் இருட்டியதும் சௌல்தாரியில் வாசல் விளக்குகளை அணைத்துவிடுகிறார்கள். முதலில் அணைவது சிவஞானம் வீட்டு விளக்கு.