குணசேகரத்தை நாலு தரம் வழியனுப்பியது

குணசேகரம் தன் தங்கை வீட்டிலிருந்து புறப்பட்டுப் போக முந்நூற்றெட்டு நாட்கள் எடுத்தன. 2019ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் திகதி, வெள்ளிக்கிழமை காலை, அவர் முதல் தடவை புறப்பட்டார். ஜெர்மனியில், வுப்பர்டால் நகரின் பார்மன் பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்த அந்த வீட்டின் வாசற்கதவால் பெட்டியோடு வெளியே போனார். படிகளில் இறங்கினார். கீழே தெருக்கதவைத் திறந்தார். பால்கனிக் கதவால் குசினிக்குள் வந்தார். கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்த தங்கை கனகவல்லி, அண்ணன் எதையோ மறந்துவிட்டார் என்று நினைத்து, "கண்ணாடியோ, அண்ணை?" என்று கேட்டார். அவர் கண்ணாடி போட்டிருந்தார்.

அவர் லண்டனிலிருந்து மூன்று நாட்களுக்கென்றுதான் வந்திருந்தார். கனகவல்லியின் மகள் சுகன்யாதேவி அப்போது லண்டனில் அவருடைய வீட்டில் தங்கி, ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். ஜெர்மன் கடவுச்சீட்டு வைத்திருந்ததால் 2015இல் ஒரு பெட்டியோடு போய் இறங்கி மறுவாரமே வேலையில் சேர்ந்தவள். அவளுக்கு அங்கேயே மாப்பிள்ளை பார்த்ததும் குணசேகரம்தான். ஆவணியில் கலியாணம் என்று பெற்றோரோடு நேரில் பேசி முடிவெடுத்துவிட்டுத் திரும்புவதாக இருந்தார். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறுவதாக இருந்ததும் அதே வெள்ளிக்கிழமைதான். அந்த வாரம் லண்டன் பாராளுமன்றம் எட்டு யோசனைகளை வாக்கெடுப்புக்கு விட்டு, எட்டையும் வேண்டாம் என்றது. வெளியேறும் திகதி ஏப்ரல் 12க்குத் தள்ளிப்போனது. குணசேகரம் போகாததையும் பிரிட்டன் போகாததையும் முதலில் சேர்த்துப் பார்த்தவர் கனகவல்லியின் கணவர் பாஸ்கரன். ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் இருபது வருடம் மா அளந்தவர் என்பதால், ஒன்று பொங்கினால் மற்றதைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது.

அடுத்த இரண்டு வாரத்தில் என்ன செய்தால் என்ன நடக்கிறது என்று ஒழுங்காகப் பார்த்தார்கள். பெட்டி இல்லாமல் போனாலும் அவர் பால்கனியால் வந்தார். பின்பக்கமாக நடந்து போனபோது பின்பக்கமாகவே வந்தார். ஆனால் பேக்கரியில் பாண் வாங்கவோ பூங்காவில் நடக்கவோ போனால் கதவுகள் ஒழுங்காக வேலை செய்தன. பாண் வாங்கப் போவதுபோல் போய், அங்கிருந்து புகையிரத நிலையத்துக்குத் திரும்பியபோது, ரயில்பெட்டியின் கதவால் ஏறி குசினிக்குள் இறங்கினார். போகிற நோக்கம் கதவுக்குத் தெரிந்திருந்தது. வெளியே மழை பெய்தால் அவருடைய தலை நனைந்திருந்தது. ஆகவே இடையில் எங்கோ நடந்திருக்கிறார் என்று பாஸ்கரன் சொன்னார். வாசலால் போவதற்கும் பால்கனியால் வருவதற்கும் இடையில் இருந்த நேரம், கேத்தலில் தண்ணீர் கொதிக்கும் நேரம். அதனால் அண்ணன் பெட்டியைத் தூக்கியதும் கனகவல்லி கேத்தலை வைக்கத் தொடங்கினார்.

இதனால் உண்மையில் களைத்துப்போனவர்கள் வுப்பர்டாலில் இருந்த ஊர் ஆட்கள்தான். லண்டனுக்குத் திரும்பும் ஒருவரை வழியனுப்புவது அங்கே சின்ன வேலை அல்ல. புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் பன்னிரண்டு குடும்பங்கள் வரும். ஆளுக்கொரு சட்டி கறி, லண்டனில் உள்ள உறவினருக்குக் கொடுத்துவிட சொக்கிலேட், கோப்பித்தூள், வறுத்த மிளகாய்த்தூள், பயத்தம் பணியாரம். கடைசியில் எல்லாரும் கட்டிப்பிடித்து அழுவார்கள். இரண்டாம் மாடி ரஞ்சினி அக்கா மார்ச்சில் மிகவும் உருக்கமாக அழுதார். இரண்டு நாள் கழித்துத் தமிழ்க் கடையில் குணசேகரம் முருங்கைக்காய் தெரிவு செய்துகொண்டிருந்ததைக் கண்டார். ஏப்ரலில் மறுபடியும் எல்லாரும் வந்து அழுதார்கள். மறுபடியும் அவர் பால்கனியால் வந்தார். பிரிட்டனின் திகதி ஒக்டோபர் 31க்குப் போனது. மிளகாய்த்தூள் பொட்டலங்களைத் திருப்பிக் கேட்பது மரியாதை இல்லை என்பதால் அவை கனகவல்லியின் குசினியில் அடுக்கடுக்காகச் சேர்ந்தன.

மே மாதத்தில் ரஞ்சினி அக்காவின் தலைமையில் கனகவல்லி வீட்டு இருக்கையறையில் கூட்டம் ஒன்று நடந்தது. குணசேகரம் எந்த வழியால் போகவேண்டும் என்று கை உயர்த்தி முடிவெடுப்பதாக ஏற்பாடு. பிரஸ்ஸல்ஸ் வழியாக ரயிலில் போவதா என்று கேட்டார்கள், பெரும்பான்மை வேண்டாம் என்றது. பஸ், கப்பல், கோயில் நேர்த்தி, ஆளைப் போர்வையில் சுற்றித் தூக்கிப்போவது, எல்லாவற்றுக்கும் கைகள் போதவில்லை. கடைசியாக, அவர் இங்கேயே இருக்கட்டுமே என்றார் பாஸ்கரன். அதற்கும் பெரும்பான்மை வேண்டாம் என்றது.

"அப்ப என்னதான் வேணும் எண்டு சொல்லுறியள்?" என்றார் பாஸ்கரன்.

"அதைத்தானே நாங்களும் மூண்டு வருசமா ரீவீயிலை கேட்டுக்கொண்டிருக்கிறம்," என்றார் ரஞ்சினி அக்கா. பிறகு சோறு பரிமாறிக்கொண்டே, "ஆர்தான் இந்த விசர் வேலைக்கு வோட்டுப் போட்டது?" என்று கேட்டார்.

"வெள்ளையள்தான்," என்று யாரோ சொன்னார்கள். குணசேகரம் இன்னும் கொஞ்சம் சொதி கேட்டார்.

அவரை யாரும் வெறுக்கவில்லை. வெறுக்க முடியாத மனிதர். ஜூனில் ஹாம் நகரத்துக் கோயில் தேருக்குப் போய் வடம் பிடித்தார். கோடையில் பால்கனியில் தக்காளி நட்டார். கீழ்வீட்டுக் கெஸ்லர் அம்மையார், மூன்று மாதத்துக்கு மேல் ஒரு கட்டடத்தில் இருப்பவர் படி துடைக்கவேண்டும் என்று சொல்லி, துடைக்கும் முறையில் அவரையும் சேர்த்துக்கொண்டார். ஒருவர் மாடியிலிருந்து இறங்கித் தெருவுக்குப் போகாமல் மறுபடி மாடியில் இருப்பது பற்றி அந்த அம்மையாருக்குச் சொல்லவேண்டியிருந்தது ஒன்றுதான்: படி இரண்டு மடங்கு அழுக்காகிறது. லண்டனிலிருந்து மனைவி மகாதேவி தொலைபேசியில், "இஞ்சருங்கோ, அங்கை தக்காளி காய்ச்சிட்டுதாம். காணிப் பிரச்சினை வராமல் வேலியும் போட்டிட்டு வாங்கோ," என்று சொன்னார்.

மகிழ்ச்சியாக இருந்தவர் கனகவல்லி ஒருவரே. குணசேகரம் 1985இல் லண்டனுக்கும், தங்கை 1988இல் ஜெர்மனிக்கும் வந்தவர்கள். விமானத்தில் ஒன்றேகால் மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு பத்து வருடம் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அண்ணன் பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் வரிசையில் நின்று, அது கிடைத்த பிறகே தங்கையைப் பார்க்க ஜெர்மனிக்கு வந்தார். அந்த வரிசையைப் பற்றி யாரிடமும் எப்போதும் சொல்லுவார். இப்போது ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் ஓர் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு நேரே உள்ளே போகிறார்கள் என்றும் சொல்லுவார். தங்கை மூன்று தரம் விசா கேட்டு மூன்று தரமும் மறுக்கப்பட்டவர். 2003இல் ஜெர்மன் அடையாள அட்டையோடு முதல்முறை லண்டனில் இறங்கியபோது, அதிகாரி அதைப் பார்த்த நேரம் ஒரு தும்மலுக்குக் காணாது. வெளியே அண்ணன் நின்றார். அந்தத் தும்மல் கதையைக் கனகவல்லி விருந்துக்கு வருகிற எல்லாருக்கும் சொல்லுவார். அண்ணனுக்கு முன்னாலேயே சொல்லுவார். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்பார்.

ஆவணிக் கலியாணம் நடக்கவில்லை. மாமா வராமல் மணவறையில் ஏறமாட்டேன் என்று சுகன்யாதேவி சொல்லிவிட்டாள். நாலு வருடம் காலை ஐந்து மணிக்கு எழும்பி அவளை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டவர் அவர். மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள், தைக்குத் தள்ளினார்கள். 2020 பெப்ரவரி முதலாம் திகதி சனிக்கிழமை. அதையும் தள்ளினால் தாங்கள் வேறு இடம் பார்க்க வேண்டிவரும் என்று மரியாதையாகச் சொன்னார்கள். இதற்கிடையில், பிரிட்டன் வெளியேறப்போவதால், சுகன்யாதேவி தான் வாழுகிற நாட்டில் தொடர்ந்து வாழ்வதற்கு அனுமதி கேட்டுப் பதியவேண்டியிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் அழுதாள். "மாமா, நான் ஆருக்கு என்ன செய்தனான்? காலமை எழும்பி ரத்தம் பரிசோதிக்கிறன், வரி கட்டுறன். இப்ப நிக்கலாமோ எண்டு கேட்டுப் பதியச் சொல்லுகினம்." குணசேகரம் தொலைபேசியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுத் தக்காளிக்குத் தண்ணீர் விடப் போய்விடுவார். நவம்பரில் தக்காளி பட்டுப்போன பிறகும் போனார்.

ஒக்டோபர் 31ஆம் திகதி மூன்றாவது வழியனுப்பல். வந்தது ரஞ்சினி அக்கா மட்டும். கறிச்சட்டி இல்லை. மேலங்கியைக் கழற்றாமல் நின்றபடியே பேசினார். "குணம் அண்ணை, குறை நினையாதேங்கோ. போறதெண்டால் போங்கோ. இருக்கிறதெண்டால் இருங்கோ, நான் கீழ கடையிலை வீட்டிலை உடுக்க ஒரு சாரம் வாங்கித் தாறன். ஆனா இந்த வாசலிலை நிக்கிற வேலை வேண்டாம். எங்களுக்கு இனி அழ ஏலாது. கண்ணீர் முடிஞ்சுது." சொல்லிவிட்டு, அழாமல் இருப்பதற்காக வேகமாக இறங்கிப் போனார். அன்று பிரிட்டனும் போகவில்லை. குணசேகரமும் போகவில்லை. தேத்தண்ணி மட்டும் நேரத்துக்குத் தயாராக இருந்தது.

இன்று அந்த வீட்டின் இருக்கையறையில் சுகன்யாதேவியின் கலியாணப் படம் தொங்குகிறது. மணமக்களுக்கு ஒரு பக்கத்தில் பாஸ்கரனும் கனகவல்லியும், மறுபக்கத்தில் மகாதேவியும் குணசேகரமும். கனகவல்லி கமராவைப் பார்க்கவில்லை. லண்டனில் நின்ற நாட்களில் அவர் அண்ணனோடு பேசியது குறைவு. திரும்பும் நாளில் அவருக்குப் பிடித்த பயத்தம் பணியாரத்தை ஒரு டப்பாவில் போட்டு, மேசையில் வைத்துவிட்டு வந்தார். அடுத்த மாதம் தொலைபேசியில் அரைமணி நேரம் பேசினார்கள், பெரும்பாலும் முழங்கால் வலியைப் பற்றி. சுகன்யாதேவிக்கு அனுமதி கிடைத்தது. இப்போதும் லண்டன் விருந்தாளி யாராவது புறப்பட்டால், கனகவல்லி கேத்தலை வைத்துவிட்டுத்தான் வாசலுக்குப் போகிறார். பால்கனிக் கதவைப் பூட்டுவதில்லை. கட்டடத்தில் யாரும் அதை விசித்திரமாக நினைப்பதுமில்லை.

2020 ஜனவரி 31ஆம் திகதி, பிரிட்டன் கடைசியில் வெளியேறவிருந்த வெள்ளிக்கிழமை காலை, நடந்தது இதுதான். மூன்று பேருக்கும் மதிய விமானம். வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. குணசேகரம் பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலால் போனார், பால்கனியால் வந்தார். தலையில் மழைத்துளி இருந்தது. துவாயால் துடைத்துவிட்டு மறுபடி போனார், மறுபடி வந்தார். மூன்றாவது முறை வந்தபோது கனகவல்லி தன் நல்ல மேலங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் வரேல்லை," என்றார். "நீங்கள் ரெண்டு பேரும் போங்கோ."

"என்ன விசர்க்கதை?" என்றார் பாஸ்கரன். "பெத்த பிள்ளையின்ரை கலியாணம்."

"நான்தான் அண்ணையைப் பிடிச்சு வைச்சிருக்கிறன். ஒவ்வொரு முறையும் அவர் பெட்டியைத் தூக்கேக்கை, இன்னும் ஒரு நாள் நிண்டால் எவ்வளவு நல்லது எண்டு மனதுக்குள்ள கேட்டனான். அம்மன் அதைக் கேட்டிட்டா. நான் அறையுக்குள்ள போய்க் கதவைச் சாத்திறன். நான் பாக்காட்டில் அவர் போயிடுவார்." கண்களைத் துடைத்துக்கொண்டார். "அம்மா இல்லாட்டிலும் தாலி ஏறும். மாமா இல்லாட்டி அவள் மணவறைக்கு வரமாட்டாள். மாப்பிள்ளை வீட்டாரும் இனிப் பொறுக்காயினம். படத்தைக் காட்டினால் காணும் எனக்கு."

அவர் எழுந்து அறைக்குள் போனார். குணசேகரம் பெட்டியைக் கீழே வைத்தார். பிறகு, கேத்தல் கொதித்துத் தானாக நின்றுபோன பிறகு, அறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றார்.

"வல்லி, கதவைத் திற. நீ பிடிக்கேல்லை," என்றார். கதவு திறந்தது. அவர் தங்கையின் முகத்தைப் பார்த்தே சொன்னார். "அந்த வோட்டெடுப்பு அண்டைக்குக் காலமை சுகன்யாவை ஆஸ்பத்திரியிலை இறக்கிவிட்டனான். அப்பிடியே வோட்டுப் போடுற பள்ளிக்கூடத்துக்குப் போய், வெளியேற வேணும் எண்டதுக்கு நேரே புள்ளடி போட்டனான். அவளைப் பற்றி யோசிக்கவே இல்லையடி. அவள் எங்கட பிள்ளைதானே. அது வேற ஆக்களுக்கு எண்டு நினைச்சுப்போட்டன்."