அப்பாவிடம் மட்டும்

என் அக்கா கணவருக்குத் தையல் ஆலையில் சரிபார்க்கும் வேலை. சட்டையைத் திருப்பிப் போட்டு, ஒரு நூல் பிசகியிருந்தாலும் கூடையில் வீசிவிடுவார். அந்தக் கண்ணை ஆலையிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுவந்தார்.

அவர் மகளுக்கு நாலு வயது. நாங்கள் வாண்டு என்போம். வாய் ஓயாது, ஆனால் ‘க’ வர வேண்டிய இடத்திலெல்லாம் ‘த’ வரும். ஜன்னல் கம்பியில் உட்கார்ந்த காக்காவைக் காட்டி “தாத்தா, தாத்தா” என்று கத்துவாள். எதிர் வீட்டுப் பெரியவர் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று கையசைப்பார். நாங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அவளைப் போலவே பேசிக் காட்டத் தொடங்கியதும் சிரிப்பு அடங்கிவிட்டது. பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போனோம்.

அந்த அறையில் குட்டி நாற்காலிகள், ஒரு பெரிய கண்ணாடி, கட்டுக் கட்டாகப் பட அட்டைகள். பயிற்சி தரும் டீச்சர் முதல் நாளே தெளிவாகச் சொன்னார்.

“குழந்தைக்கு நாக்குல கோளாறு எதுவும் இல்ல. எந்தச் சத்தத்தை எங்க வைக்கணும்னு அவ மனசுல ஒரு கணக்கு இருக்கு, அது மாறணும். அது என் வேலை. வீட்ல அவ தப்பாச் சொன்னா, நீங்க ஒரு தடவை சரியாச் சொல்லிட்டு, கேட்டதைக் கொடுத்துடுங்க. சொல்லு சொல்லுன்னு பிடுங்காதீங்க.”

அத்தான் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

மறுநாள் மாலை அவர் வேலை முடிந்து வந்ததும், வாண்டு வழக்கம்போல ஓடிப்போய் இரண்டு கையையும் உயர்த்தினாள்.

“அப்பா, தூத்து.”

“தூக்கு. சரியாச் சொல்லு, தூக்கறேன்.”

“தூத்து.”

“இன்னொரு தடவை.”

அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் கை உயர்ந்தபடியே இருந்தது.

“விடுங்க அத்தான், குழந்தைக்குக் கை வலிக்கும்” என்றேன்.

“செல்லம் கொடுத்துக் கொடுத்துதான் இப்படி ஆயிருக்கு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. கதை கேட்டாலும் பரீட்சை, பொம்மை கேட்டாலும் பரீட்சை. மகள் மேல் அவருக்கு உயிர், அதை நான் மறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் யாரும் அவளைக் கேலி செய்துவிடக் கூடாதே என்ற பயம்தான் அவரை அப்படி ஆட்டிவைத்தது.

கொஞ்ச நாளில் வாண்டு அவரிடம் ஓடுவதை நிறுத்திவிட்டாள். எது வேண்டுமானாலும் அக்காவிடம் போவாள், இல்லையென்றால் என்னிடம் வருவாள். அவர் ஏதாவது கேட்டால் அக்கா பின்னால் போய் நின்றுகொள்வாள்.

பயிற்சி அறையில் மட்டும் பேச்சு நாளுக்கு நாள் தெளிந்தது. ஒரு நாள் நாங்கள் வெளியே காத்திருந்தபோது, உள்ளேயிருந்து “காக்கா, கதவு, தூக்கு” என்று கணீரெனக் கேட்டது. அத்தான் எழுந்தே நின்றுவிட்டார். டீச்சர் வெளியே வந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“எங்கிட்ட மட்டும் பேச மாட்டேங்கறா மேடம். அதுக்கு ஏதாவது பயிற்சி இருக்கா?”

“அவ என்ன சொல்றாங்கிறதை மட்டும் கேளுங்க. எப்படிச் சொல்றாங்கிறதை என்கிட்ட விட்டுடுங்க” என்றார் டீச்சர்.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அத்தான் என்னிடம், “அவ கையைத் தூக்கிட்டு நின்னப்பவே தூக்கியிருக்கணும்மா. அநியாயம் பண்ணிட்டேன்” என்றார். திட்ட நினைத்து வைத்திருந்ததற்கெல்லாம் வேலை இல்லாமல் போயிற்று.

எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் ஓடவில்லை. பாதிப் படி ஏறியதும் வாண்டு சோர்ந்துபோய் நின்றாள். அத்தான் குனிந்து இரண்டு கையையும் நீட்டினார்.

“வாடா செல்லம், அப்பா தூக்கிக்கறேன்.”

“வேணாம்பா. நடக்கறேன்.”

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவரிடம் அவள் வாய் திறந்தது அப்போதுதான். ‘க’ சுத்தமாக வந்திருந்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வாய் முந்திக்கொண்டது.

“சரியாச் சொல்லிட்டியே.”

வாண்டு படியிலேயே நின்றாள். முதுகை நிமிர்த்தி, கையிரண்டையும் உடம்போடு ஒட்டி வைத்து, அவர் முகத்தைப் பார்த்து “நடக்கறேன்” என்றாள். அவர் கேட்காமலேயே, இன்னொரு தடவையும் சொன்னாள்.