காலி என்று எழுதிய சிலிண்டர்

பைப் வேலைக்காரர் தன் வீட்டுச் சமையலறைத் தரையைப் பெயர்த்துப் போட்டு ஒன்பது நாளாயிற்று, கண்ணுகளா. ஊரார் வீட்டு ஒழுக்கையெல்லாம் அடைக்கிற மனுஷருக்குச் சொந்த வீட்டு ஒழுக்கு மட்டும் பிடிபடவில்லை. சமையல் பின்வாசல் வெளிக்கு, கரியடுப்புக்கு வந்துவிட்டது.

அன்றைக்கு அவர் மனைவிக்கு ஒரே கவலை. ஆஸ்பத்திரியிலிருந்து அவளுடைய அப்பா பதினொரு மணிக்கு வருகிறார். வயிற்றில் தையல். சூடாகச் சூப் குடித்த பிறகுதான் மாத்திரை, நேரம் தப்பக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கரியோ நமத்துக் கிடந்தது. "உங்க டார்ச்சைக் குடுங்க" என்றாள். செம்புக் குழாயை ஒட்ட ஈயம் உருக்குகிற, ரப்பர் குழாயால் சிலிண்டரில் மாட்டிய புரொப்பேன் கேஸ் டார்ச் அது. நீலமாகச் சீறியதைப் பார்த்ததும், கரியையே மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றிவிட்டது அவளுக்கு. டார்ச்சின் வாயை நேரே சூப் சட்டிக்கடியில் செருகிவிட்டாள்.

கால் மணி நேரத்தில் தீ சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கியது. தள்ளி நின்ற சிலிண்டரின் மேல் பனி பூத்திருந்தது.

"காலி" என்று அவர் சாக்கட்டியால் அதன்மேல் எழுதினார். இரண்டாவதை மாட்டினார். அதற்கும் அதே கதி. அதிலும் எழுதினார்.

"ரெண்டும் நேத்து வாங்கினது. எனக்குத் தெரியாம இதுல வெந்நீர் போட்டியா?"

"உங்க டார்ச்சை நான் தொட்டதே இன்னைக்குத்தான்."

"அப்ப தானா குடிச்சிடுச்சா?"

"உங்க கைபட்ட குழாய்தானே, ஒழுகியிருக்கும்."

அவர் முதல் சிலிண்டரையும் டார்ச்சையும் தூக்கிக்கொண்டு கடைக்கு நடந்தார். கடைக்காரர் தராசில் வைத்துப் பார்த்தார்.

"முக்கால்வாசி இருக்குதுண்ணே."

"தீ வரலியே."

"வெளியே போய் வைங்க, பார்ப்போம்."

வைத்தார். நீலமாகச் சீறியது. அவருக்கு முகம் தொங்கிப்போயிற்று.

"ஒரேயடியா எரிச்சா, உள்ள இருக்கிற திரவம் கேஸா மாறி மாறி சிலிண்டர் குளிர்ந்து படுத்துக்கும். ஓய்வு குடுத்தா எழுந்துக்கும். குழாய் ஒட்டுறது ஒரு நிமிஷ வேலை, அதனால இதை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க."

தலையை ஆட்டினார். எரிகிற பொருள் எப்படிக் குளிரும் என்று வழியெல்லாம் தனக்குத்தானே கேட்டுக்கொண்டே வந்தார். மணி பத்தரை.

"என்ன சொன்னாரு?" என்றாள்.

"இருக்குதாம். ஆனா இல்லாத மாதிரி இருக்குமாம்."

"நல்லாப் புரிஞ்சுது. சூப் பாதி வெந்து நிக்குது."

கடைக்காரர் பேச்சை நம்பி, டார்ச்சைக் கரியில் மட்டும் இரண்டு நிமிஷம் காட்டினார்கள். கங்கு பிடித்ததும் அணைத்தார்கள். சட்டியை மூடினாள். மீதியைக் கரி பார்த்துக்கொண்டது.

பதினொன்று ஐந்துக்கு மாமனார் வந்து, நாற்காலியில் மெல்லச் சாய்ந்து, சூப்பை ஊதி ஊதிக் குடித்தார். மாத்திரையும் உள்ளே போனது. அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"மாமா, நிறைஞ்ச சிலிண்டர் காலின்னு நடிக்குமா?" என்றார் பைப் வேலைக்காரர்.

"எனக்கு மயக்க மருந்தே இன்னும் தெளியல, மாப்பிள்ளை. என்கிட்ட வந்து கேக்குறீங்களே" என்று சொல்லி, அவர் இன்னொரு கரண்டி சூப்புக்காகக் கிண்ணத்தை மகளிடம் நீட்டினார்.