ஐஸ் பெட்டியில் எழுதிய தேதி

கண்ணாடி மூடியைத் தூக்கி, அம்மாவின் பாதத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்த நாகேந்திரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐஸ் பெட்டிக்குள் குளிர்ச்சியே இல்லை. காலை பத்து மணிக்கு நன்றாகக் குளிர்ந்தது, பதினொன்றரைக்கு நின்றது, ஒரு மணிக்குத் திரும்பவும் குளிர்ந்தது, இப்போது மறுபடி நின்றுவிட்டது. திருப்பதியில் பதினைந்து வருடமாக ஏசி மெக்கானிக்காக இருப்பவனுக்கு இது என்ன வியாதி என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. குளிரூட்டும் கேஸைப் போடுவதற்கு முன்னால் குழாய்களில் இருந்த காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்காமல் எவனோ ஏமாற்றியிருக்கிறான். மிச்சமிருந்த ஈரம் உள்ளே மெல்லிய குழாயில் பனிக்கட்டியாகி அடைக்கிறது. அது உருகினால் கொஞ்ச நேரம் ஓடும், அவ்வளவுதான்.

சொந்த ஊர் குடிபாலாவில் மே மாத வெயில் பந்தலைப் பிய்த்துக்கொண்டு இறங்கியது. தங்கை ரூபா குவைத்தில் வீட்டு வேலை பார்க்கிறாள். நாளைக் காலைதான் சென்னையில் இறங்குவாள். தாய்மாமன் கங்கையா பெட்டியையும் வெயிலையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு வந்தார்.

"பொட்டி இப்பிடி நிக்கிதே. ஆறு மணிக்குள்ள எடுத்துடலாம்பா. ரூபாவுக்கு வீடியோவுல காட்டிக்கலாம்."

"அவ வாய்க்கரிசி போடாம எங்கம்மாவ எடுக்க உட மாட்டேன் மாமா."

சித்தூரிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்த தீனா பந்தல் காலோரம் நின்றிருந்தான். வாடகைக்கு விடும் பத்துப் பெட்டிகளையும் கிடைக்கிற மெக்கானிக்கிடமெல்லாம் ரிப்பேர் பார்ப்பவன் அவன். நாகேந்திரன் ஊரே பார்க்க அவன்மேல் பாய்ந்தான்.

"எந்த நாயிடா இதுல கேஸ் போட்டது? அரை மணி நேரம் பம்பு ஓட்ட வலிச்சுதா அவனுக்கு? செத்தவங்கன்னா அவ்ளோ எளக்காரமா? ஆளக் காட்டு, கைய ஒடிக்கிறேன்."

தீனா தரையைப் பார்த்தான். "உடுண்ணா. மொதல்ல ரிப்பேரப் பாரு."

அம்மாவை மரபெஞ்சுக்கு மாற்றிச் சுற்றிலும் ஐஸ் பாளங்களை அடுக்கினார்கள். பம்பும் சிலிண்டரும் எப்போதும் நாகேந்திரனின் வண்டியிலேயே இருக்கும். வாயில் வசவு ஓயாமல் வர, பெட்டியின் பின்தகட்டைக் கழற்றினான். கம்ப்ரஸர் தலையில் வெள்ளை பெயிண்டில் ஏப்ரல் மாதத் தேதி ஒன்று எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் தெலுங்கில் 'நா' என்று ஓர் எழுத்து. கேஸ் போட்டதும் தேதியும் தன் பெயரின் முதல் எழுத்தும் அப்படி எழுதி வைப்பது நாகேந்திரனின் வழக்கம்.

வசவு நின்றது. இதற்குக் கேஸ் போட்ட அன்றைக்குத் திருச்சானூர் லாட்ஜில் எட்டு ஏசி காத்திருந்தது. அவசரத்தில் பம்ப் வைக்காமல், கேஸையே ஊதிக் காற்றை வெளியே தள்ளிவிட்டு மூடிவிட்டான்.

"நான் கேட்டேண்ணா, பம்பு போடலயான்னு," என்றான் தீனா, பக்கத்தில் குனிந்து. மீதியை அவன் சொல்லவில்லை. நாகேந்திரனுக்கு ஞாபகம் இருந்தது. 'பொணத்துக்குத்தானே தீனா, இது போதும்' என்று சிரித்திருந்தான்.

பழைய கேஸை வெளியேற்றி, ஃபில்டரை மாற்றிக் குழாயைப் பற்றவைத்து, பம்பை ஓடவிட்டான். மீட்டரின் முள் இறங்கி, உள்ளே காற்றில்லை என்று காட்டும் முப்பதைத் தொட்டது. அப்போதும் நிறுத்தவில்லை. ஒரு மணி நேரம் ஓடியது. கங்கையா பொறுமையில்லாமல் வந்து நின்றார்.

"அந்த ஆளு யாருன்னு தீனா சொன்னானா? சும்மா உடக் கூடாதுப்பா."

"நாந்தான் மாமா."

பம்ப் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. நாகேந்திரன் வால்வை மூடி பம்பை நிறுத்தினான். பந்தல் திடீரென்று அமைதியானது.

"கேஸ் போட்டது நாந்தான் மாமா," என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி.

கங்கையா துண்டை மடித்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். இப்போது கேஸ் போடலாமா என்று கேட்டார்.

"பத்து நிமிசம் முள்ளு நகராம நிக்கணும். நகந்தா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம்."

இரண்டு பேரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ரூபா வந்தபோது பெட்டியின் கண்ணாடி முழுக்கப் பனி படிந்து அம்மாவின் முகம் தெரியவில்லை. துப்பட்டா முனையால் அவள் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். அது திரும்பத் திரும்பப் படிந்தது.