பத்தரைக்குள் ஒரு கையெழுத்து

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து மூன்று மாதமாகியிருந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலிருந்து பூங்காவனத்துக்கு வந்த ஆசிரியை வேலை ஒப்பந்தத்தை, காஜா பெராங் வட்டாரத்திலிருந்த தங்கள் வீட்டு மேசைமேல் விரித்துவைத்து அண்ணன் ஜெயபாலன் அவசரப்படுத்தினான்.

"பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள சைன் பண்ணு!"

அவள் விடாமல் படித்தாள். நான்காம் பக்கத்தில் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான அன்றே ஆசிரியைக்கு வேலை போய்விடுமாம். அவளுக்குத் தை மாதம் கல்யாணம்.

"இது உனக்குத் தெரியுமாண்ணே?"

"முந்தாநாளே படிச்சேன். கட்டிக்கிட்டுப் போறவளுக்கு வேலை எதுக்கு?"

பூங்காவனம் அந்த வரியைத் தாள் கிழியும்படி அடித்தாள். பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். கடிகாரம் பத்தரை அடித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

"ஐயோ, ராகுகாலம்!"

"எனக்கில்லண்ணே. உனக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கும்!"