ஆளில்லாத குடங்கள்

சைதுன் பீவிக்குக் கோபம் வந்தால் தெருவே ஒதுங்கி நிற்கும். அன்றைக்கு ரயில் ஸ்டேஷன் கிணற்றடியில் ஒரு குடத்தையும் காணாமல் அவள் நின்றபோது வந்தது அதற்கும் மேலான கோபம்.

பாகிஸ்தான் சண்டைக்காலத்துக் கோடை அது. பாலவனத்தத்துக்கு மேற்கே நல்ல தண்ணீர் என்று இருந்தது அந்தச் சின்ன ஸ்டேஷனின் கிணறு ஒன்றுதான். எண்பது அடி ஆழம். மணிக்கு நாலு குடம் ஊறினால் பெரிய காரியம். அதனால் பெண்கள் விடியும்போதே குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பருத்திக் காட்டுக்குப் போய்விடுவார்கள். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அடுத்தவள் குடத்தை எவளும் நகர்த்த மாட்டாள்.

முந்தாநாள் மாற்றலாகி வந்த ஸ்டேஷன் மாஸ்டர் ஐயாத்துரைக்கு இது எங்கே தெரியும்? வாயைத் திறந்து கேட்டால்தானே.

"ஆளில்லாமக் கெடக்குற சாமான் ரயிலுக்குச் சேரும். சட்டம்" என்றார். முப்பத்தொரு குடத்தையும் பத்து மணி வண்டியில் விருதுநகருக்கு ஏற்றிவிட்டிருந்தார். "இனிமே கெணத்துப் பக்கம் யாரும் வரக்கூடாது."

"எம் மக சபுரா பிள்ளை பெத்து மூணு நாளாகுது. உப்புத்தண்ணியவா குடிக்கக் குடுப்பேன்?"

"அதுக்கு நான் என்ன செய்ய?"

பாவி மனுசன், திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனார். அவள் உருளையில் தொங்கிய கயிற்றைப் பார்த்தாள். கிணறு ரயில்காரனுடையது, சரி. கயிறு? மாதம் ஒரு வீடு முறைவைத்துத் திரித்துப் போடுகிற ஊர்க் கயிறு அது. அவிழ்த்தாள். எண்பது அடியையும் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். போர்ட்டர் பால்ச்சாமி பார்த்தான், கைகாட்டி மரத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சபுரா அன்று உப்புத்தண்ணீரைத்தான் குடித்தாள்.

மறுநாள் ஐயாத்துரை வாளியோடு கிணற்றடிக்கு வந்தார். உருளை மொட்டையாக நின்றது. மத்தியானம் வரை வீம்பு பிடித்தார். நாக்கு வறண்டதும் ஊருக்குள் வந்தார்.

"கயிறு எங்கம்மா?"

"ஆளில்லாமக் கெடந்துச்சு. எடுத்துட்டு வந்துட்டேன்" என்றாள் சைதுன் பீவி. "தந்தியத் தட்டுங்க. கொடம் வந்தா கயிறு வரும்."

சாயங்கால வண்டியில் குடங்கள் வந்து இறங்கின. அவளுடையது நெளிந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றைக் கட்டினாள். ஐயாத்துரை வாளியை முன்னால் நீட்டினார். அவள் அதை வாங்கி, முப்பத்தொன்றுக்கும் பின்னால் கொண்டுபோய் வைத்தாள்.

"வச்சுட்டுப் போங்க. எங்க ஊருல ஒருத்தரும் தொட மாட்டாக."

அவர் போகவில்லை. வாளிக்குப் பக்கத்திலேயே காவல் நின்றார். அதைப் பார்த்ததும், சற்றே அடங்கியிருந்த கோபம் அவளுக்கு மறுபடியும் பொங்கிக்கொண்டு வந்தது.