ஆறு வாரம் ஏறாத சைக்கிள்

அடையாறு பாலத்தின் மேல் சைக்கிளில் ஏறாமல், தள்ளிக்கொண்டே வந்தார் ராமானுஜம். மயிலாப்பூர் வரைக்கும் இப்படியேதான். அசட்டு மனுஷன், டாக்டர் பேச்சை அந்த நிமிஷமே அமல்படுத்திவிட்டார்.

"ரத்தத்துல பி.எஸ்.ஏ., அதான் புராஸ்டேட் டெஸ்ட், ஆறு புள்ளி ரெண்டு. நாலுக்குள்ள இருக்கணும்," என்றிருந்தார் டாக்டர் கணேசமூர்த்தி. "அதனாலயே கேன்சர்னு அர்த்தமில்ல. வயசாகி அந்தச் சுரப்பி பெருத்தாலும் ஏறும், கிருமி இருந்தாலும் ஏறும். சைக்கிள் சீட் அழுத்தினாக்கூட ஏறலாம். உடனே பயாப்ஸின்னா ஊசியால சதை எடுக்கணும், ரத்தம் வரும், ஜுரமும் வரலாம். ஆறு வாரம் சைக்கிளைத் தொடாதீங்க. திரும்ப டெஸ்ட் எடுப்போம். அப்பவும் ஏறியிருந்தா, உங்க அண்ணாவுக்கு வேற இந்த கேன்சர் இருந்திருக்கு, பயாப்ஸியைத் தள்ளிப்போட வேண்டாம்."

அண்ணா வரதன் போனது இந்தப் புராஸ்டேட் புற்றுநோயில்தான். சைக்கிளும் அவருடையதுதான். மாடிப்படிக்குக் கீழே அதைப் பூட்டி, சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டார் ராமானுஜம்.

ஐந்தாவது வாரம் மனைவி ஹம்சா காபியை நீட்டிக்கொண்டே கேட்டாள்: "ஏன்னா, டாக்டர்தான் வேண்டாம்னாரே. தெனம் விடியக்காலம் எங்க ஓட்டிண்டு போறேள்?"

"நானா? நான் எழுந்துக்கறதே ஆறரைக்கு."

"ஜன்னல்லேர்ந்து பாக்கறேனே. ஒங்க முதுகு தெரியாதா நேக்கு?"

அண்ணாவுக்கும் இதே முதுகு. பின்னாலிருந்து பார்த்து ஊரே ஏமாந்ததுண்டு. ராமானுஜம் பூணூலைத் தடவினார். சாவி இருந்தது. தூக்கத்தில் தானே ஓட்டுகிறோமோ? அப்படியானால் இந்த ஆறு வாரமும் வீண். வருகிற எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஓட்டுவது தானில்லை, வேறு யாரோ என்றால்? அதை நினைக்கவே பயமாக இருந்தது.

பரிசோதனைக்குக் குறித்த நாளன்று ஐந்தரைக்கே விழித்து, படிக்குக் கீழே போய்ப் பார்த்தார். பூட்டு பூட்டியபடி இருந்தது. சீட்டில் கை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது.

அவரும் ஹம்சாவும் ஆட்டோவில் லேபுக்குப் போனார்கள். ரத்தம் எடுக்கும் வைதேகி அவர் கையில் ரப்பர் குழாயை இறுக்கி, நரம்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னிக்கு வேண்டாம்மா, இன்னொரு நாள்..." என்று ஆரம்பித்தார்.

"ஊசிக்குப் பயமா சார்? குத்தியாச்சு. ஆமா, ஏன் இப்படி மூச்சு வாங்குது? நாடி கடகடன்னு அடிக்குதே. ரொம்ப தூரம் சைக்கிள் மிதிச்சுட்டு வந்தீங்களா?"

ஹம்சா அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிஞ்சுக்குள் ரத்தம் கருஞ்சிவப்பாய் ஏறிக்கொண்டிருந்தது.